மார்ச்சில் வெட்டு, மே மாதத்தில் ஒட்டு

டியோலிண்டா பெட்டன்கோர்ட் எச்சில் கையால் காக்கா ஓட்டமாட்டாள் என்று எங்கள் ஊரில் அவள் காதுபடவே சொல்வார்கள். அவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள். "நீங்க ஓட்டிப் பாருங்க, கடைசில கையில என்ன மிஞ்சுதுன்னு நானும் பாக்கறேன்" என்பாள். பள்ளிக்கூடக் காகிதத்தில் இரண்டு பக்கமும் எழுதுவாள், ஓரத்திலும் எழுதுவாள், மீதியைக் கிழித்துச் சீட்டாக வைத்துக்கொள்வாள். ஆனால் சொந்தப் பணத்தில் அவளைப் போலத் தாராளம் யாரும் இல்லை. இதை ஊரில் எவனும் சொல்வதில்லை. அதனால் நான் சொல்லிவைக்கிறேன்.

அவளுடைய அப்பா போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவிலிருந்து கலிபோர்னியாவுக்குப் பால் கறக்க வந்தவர். டியோ பத்தொன்பது வயதில் எங்கள் ஊர் வெண்ணெய் ஆலையில் கணக்கெழுதச் சேர்ந்தாள். ஆலையை மூடினார்கள். மூன்று வருடம் கட்டடம் புறா அடைந்து கிடந்தது. பிறகு ஊர்க்காரர்கள் சிலர் கூடி அதே கட்டடத்தில் சார்ட்டர் பள்ளி ஒன்றை ஆரம்பித்தார்கள். பணம் மாநில அரசு தரும், நிர்வாகம் நம்முடையது. லாபமோ நஷ்டமோ நம் தலையில். மேசை, நாற்காலி, இரும்புப் பெட்டி எல்லாவற்றோடும் டியோவையும் சேர்த்தே விலைக்கு வாங்கினார்கள் என்று கேலி பேசுவார்கள். அப்போது உட்கார்ந்தவள்தான். இருபத்தைந்து வருடமாக அவள்தான் கணக்கு மேலாளர்.

கலிபோர்னியாவில் பள்ளிக்குப் பணம் எப்படி வருகிறது என்று இரண்டே வரியில் சொல்லிவிடுகிறேன். பேரைப் பதிந்த பிள்ளைக்குப் பணம் கிடையாது, வந்து உட்கார்ந்த பிள்ளைக்குத்தான் பணம். காய்ச்சல் என்று ஒருவன் வீட்டில் படுத்தால் பள்ளிக்கும் காய்ச்சல்தான்.

அதனால்தான் டெஞ்சா. முழுப்பெயர் ஹோர்டென்சியா சரகோசா. வாசல் மேசையில் வருகைப் பதிவு பார்ப்பவள். காலை எட்டே முக்காலுக்கு வராத பிள்ளைகளின் பட்டியலைக் கையில் எடுப்பாள், ஒன்பதரைக்குள் அத்தனை வீட்டுக்கும் போன் போயிருக்கும். "என்ன, வண்டி கிளம்பலையா? பேட்டரியா? சரி, பக்கத்து வீட்டு ரோசா ஒன்பது மணிக்கு இந்தப் பக்கம்தான் வருவா, பையனை அதுல ஏத்திவிடு. தலை சீவலைன்னா பரவால்ல, நான் சீவிக்கறேன்." இப்படித்தான் பேசுவாள். நானூற்றுப் பத்துப் பிள்ளைகளில் தொண்ணூற்றாறு சதவீதம் தினமும் வந்ததற்கு அவள் நாக்குதான் காரணம்.

டெஞ்சாவின் மகள் மரிசேலாவை ஞானஸ்நானத்தில் கையில் ஏந்தியவள் டியோ. அன்றிலிருந்து மரிசேலாவுக்கு அவள் ஞானம்மா, டெஞ்சாவுக்கு "கொமாத்ரே". சம்பந்தி மாதிரி ஒரு உறவு, அதைவிட ஒரு படி நெருக்கம். டியோவுக்குக் கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை கிடையாது. போர்ச்சுகீசியர் கொண்டாடும் பரிசுத்த ஆவியானவர் திருவிழாவில் மரிசேலா ராணி வேஷம் போட்ட வருடம், ஆறு மாதம் கண்ணைப் பொசுக்கிக்கொண்டு அங்கிக்கு மணி கோத்தவள் டியோதான்.

இப்போது அவளுடைய வித்தைக்கு வருவோம்.

பள்ளிக்கூடக் கணக்கு மேலாளர்களுக்கு வருடத்தில் இரண்டு பண்டிகை. ஜனவரியில் ஆளுநர் பட்ஜெட்டை முன்மொழிவார். மே பதினான்கில் அதையே திருத்திச் சொல்வார். ஜனவரி அறிவிப்பு வந்ததும் சாக்ரமென்டோவில் ஒரு ஓட்டல் கூடத்தில் எல்லாரும் கூடுவார்கள். மூடுபனியில் முன்னால் போகிற லாரியின் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டே டியோ இரண்டு மணி நேரம் ஓட்டிப் போவாள். மேடையில் ஒருவர் நின்று மூன்று கட்டம் போட்டுக் காட்டுவார்: நல்லது நடந்தால் இவ்வளவு, நடுவாக நடந்தால் இவ்வளவு, கெட்டது நடந்தால் இவ்வளவு. "ஜனவரில பயமுறுத்துவாங்க, மே-ல தடவிக்கொடுப்பாங்க" என்று காப்பி வரிசையில் பேசிக்கொள்வார்கள். ஆனால் பள்ளிக்குழுவிடம் மார்ச் பாதிக்குள் கணக்கைக் கொடுத்தாக வேண்டும். மே மாதம் வரை காத்திருக்க முடியாது.

பல வருடம் முன்பு மாநிலமே திவாலாகும் நிலைக்கு வந்தபோது, அக்கம்பக்கத்தில் மூன்று பள்ளிகள் மூடின. எங்கள் பள்ளி மூடவில்லை. டியோவும் டெஞ்சாவும் சேர்ந்து கழிப்பறை கழுவினார்கள், கண்ணாடி துடைத்தார்கள், ஆசிரியர் ஒருவரைக்கூட வீட்டுக்கு அனுப்பவில்லை. அதில் டியோவுக்கு ஒரு பாடம் கிடைத்தது: மூன்று கட்டத்தையும் காட்டினால் பள்ளிக்குழு நல்ல கட்டத்தைப் பிடித்துக்கொண்டு செலவு செய்யும். அதனால் கெட்ட கட்டத்தை மட்டும் காட்டு. அதிலிருந்து அவள் மார்ச் மாதம் ஒரு வெட்டுப் பட்டியல் போடுவாள்: நூலக நேரம், சுற்றுலா, புதுப் பெயிண்ட். மே மாதம் நல்ல சேதி வரும், எல்லாவற்றையும் திரும்ப ஒட்டுவாள். "டியோ மறுபடியும் காப்பாத்திட்டாங்க" என்று கை தட்டுவார்கள். அவளும் தலை குனிந்து ஏற்றுக்கொள்வாள். கை தட்டலுக்கு மயங்காத மனுஷர் யார், சொல்லுங்கள்.

நான் சொல்ல வந்த அந்த வருடம் கெட்ட கட்டம் கொஞ்சம் பெரிதாகவே இருந்தது. நூலகத்தை வெட்டினாள், சுற்றுலாவை வெட்டினாள், அப்படியும் ஐம்பதாயிரம் டாலர் துண்டு விழுந்தது. ஆசிரியரைத் தொட்டால் வகுப்பு வீங்கும், பெற்றோர் கத்துவார்கள். அடுத்த வரி: "வருகைப் பதிவு எழுத்தர், முழுநேரம், ஒன்று." பட்டியலில் பெயர் போடுவது வழக்கமில்லை, பதவி மட்டும்தான். அதன்மேல் கோடு இழுத்தாள். மே மாதம் திரும்பி வரப்போகிற வரிதானே என்று நினைத்தாள். அவ்வளவுதான் நினைத்தாள். இதை அவளே பிற்பாடு என்னிடம் சொன்னாள், ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

தலைமையாசிரியர் ட்ராய் நைஸ்ட்ரம் பட்டியலைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினார். "டியோ, இது நிஜமா? இல்ல, உங்க வழக்கமான மார்ச் மாசப் புலியா? வருஷா வருஷம் புலி வருது புலி வருதுங்கறீங்க."

"நிஜம்தான் ட்ராய். எழுதியிருக்கறதவிட மோசமாக்கூடப் போகலாம்."

நடுக்கட்டத்தின் கணக்கு அவள் மேசை இழுப்பறையில் இருந்தது. அதில் யாருடைய வேலையும் போகவில்லை.

டெஞ்சாவிடம் மட்டும் காதோடு சொல்லிவிடலாமா என்று அந்த வாரம் மூன்று தடவை யோசித்தாள். சொன்னால் அவள் கணவன் சூய்யிடம் சொல்வாள், சூய் பால்பண்ணையில் சொல்வான், ஞாயிறு பூசை முடிவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அப்புறம் மார்ச் பட்டியலுக்கு எவன் பயப்படுவான்? தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். டியோ வாயைத் திறக்காமல் கெட்டாள்.

நைஸ்ட்ரம் வேலை நீக்கக் கடிதத்தைக் கொடுத்த மதியம் டெஞ்சா நேராக டியோவின் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். டியோவுக்கு முகம் வெளுத்துவிட்டது, கண்ணில் தண்ணீர். குற்ற உணர்ச்சியில் வந்த தண்ணீர் அது. டெஞ்சாவுக்கு அது எப்படித் தெரியும்?

"அட, அழாதடி கொமாத்ரே. உன் கையில என்ன இருக்கு? சாக்ரமென்டோல உட்கார்ந்திருக்கறவன் கோடு போட்டா நீ என்னடி பண்ணுவ? இரு, மூக்கத் துடை." தன் ஸ்வெட்டர் கையாலேயே துடைத்துவிட்டாள். வேலை போனவள் வேலையைப் போக்கினவளுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு நின்றாள். டியோவுக்கு உண்மை வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டாள்.

கடிதத்தில் ஜூன் கடைசி வரை வேலை இருக்கிறது என்றுதான் இருந்தது. அடுத்த வாரமே மரிசேலாவுக்குச் சான் டியேகோ பல்கலைக்கழகத்தில் கடல் படிப்புக்கு இடம் கிடைத்தது. இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்து கடலை மூன்று தடவைதான் பார்த்த பெண்! டெஞ்சா போனில் கூவினாள், டியோவும் கூவினாள். படிப்புக்கு உதவித்தொகை உண்டு, தங்க, சாப்பிட மட்டும் வீட்டிலிருந்து கட்ட வேண்டும். "அத என் சம்பளத்துலதான் நினைச்சிருந்தோம்" என்றாள் டெஞ்சா, கொஞ்சம் குரல் இறங்கி. "பாப்போம். மே ஒண்ணாம் தேதிக்குள்ள பதில் சொல்லணுமாம்."

"எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்றாள் டியோ. மே ஒன்று என்பதைக் காதில் வாங்கினாள், மனதில் போடவில்லை. அவள் மனதில் இருந்தது ஒரே தேதி, மே பதினான்கு.

டெஞ்சா சும்மா உட்கார்ந்திருக்கிற ரகம் இல்லை. ஈஸ்டருக்கு முன்பே பாதாம் உடைக்கும் ஆலையில் சேர்ந்துவிட்டாள். மதியம் இரண்டு முதல் ராத்திரி பத்து வரை லாரி வரவு எழுதுகிற வேலை, சம்பளம் பழையதில் முக்கால்வாசி. ஜூன் வரை காத்திருந்தால் அந்த இடமும் போய்விடும் என்றார்களாம். டியோ தடுக்கவில்லை. என்ன சொல்லித் தடுப்பாள்? ஆலை வேலைதானே, கூப்பிட்டால் ஓடி வந்துவிடுவாள் என்று நினைத்தாள்.

வாசல் மேசை காலியானது. பதிலுக்கு ஒரு எந்திரம் வீடுகளுக்குப் போன் போட்டது. "உங்கள் பிள்ளை இன்று பள்ளிக்கு வரவில்லை." எந்திரத்திடம் யார் பேட்டரி கதையைச் சொல்வார்கள்? இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள். பணத்துக்கான வருகைக் கணக்கு ஏப்ரல் பாதியில் முடியும். அந்தக் கடைசி வாரங்களில் நூற்றுக்கு மூன்று பிள்ளை குறைந்தது. டெஞ்சாவின் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததைவிட அதில் போனது அதிகம். கணக்கில் புலி என்று பெயர் வாங்கியவள், பால் கறக்கிற மாட்டை விற்றுத் தீவனச் செலவை மிச்சம் பிடித்திருந்தாள். தன் மேசையில் அதைக் கூட்டிப் பார்த்தவளும் அவள்தான், வேறு யாருக்கும் அது தெரியாது.

மே பதினான்கு வியாழக்கிழமை. ஆளுநர் திருத்தம் வந்தது. வெட்டு இல்லை. நடுக்கட்டத்தையும் தாண்டிக் கொஞ்சம் கூடவே வந்தது. வெள்ளிக்கிழமை பள்ளிக்குழு அவசரமாகக் கூடி ஐந்தே நிமிடத்தில் அந்த வரியைத் திரும்ப ஒட்டியது. தலைவராக இருந்த பாதாம் தோட்டக்காரர் வழக்கம்போலக் கை தட்டினார். டியோ அன்று தலை குனியவில்லை, வேலைக்குத் திரும்ப அழைக்கும் கடிதத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினாள். வீட்டுக்குப் போகிற வழியில் கடையில் நிறுத்தி, மரிசேலாவின் விடுதிக் கட்டிலுக்கான நீள விரிப்பு இரண்டு வாங்கினாள். கடல் நிறம்.

சனிக்கிழமை காலை டெஞ்சா வீட்டு வாசலில் உட்கார்ந்து சமையலுக்குக் கள்ளி மடலில் முள் சீவிக்கொண்டிருந்தாள். டியோ வண்டியை நிறுத்தும்போதே கத்தினாள். "வேலை வந்துடுச்சுடி! ஒட்டியாச்சு! திங்கக்கிழமையே வந்துடு!"

டெஞ்சா கத்தியோடேயே சிலுவை போட்டுக்கொண்டாள். சிரித்தாள். "மாதாவே! நிஜமாவாடி? அதே மேசையா? அந்த எந்திரத்த என்ன பண்ணப்போறீங்க, தூக்கிக் கால்வாய்ல போடுங்க!" அப்புறம் கேட்டாள், "ஆமா, எப்படிடி திடீர்னு?"

சந்தோஷத்தில் டியோவுக்கு நாக்கு அவிழ்ந்துவிட்டது. "திடீர்னு என்ன திடீர்னு? இப்படித்தான் ஆகும்னு எனக்குத் தெரியுமே! வருஷா வருஷம் மார்ச்ல வெட்டு, மே-ல ஒட்டு. நான் பண்ற வேலைதானே."

கத்தி நின்றது.

"தெரியுமா?"

"இல்ல... நிச்சயமால்லாம் தெரியாது. பத்துக்கு எட்டு..."

"எப்போலேருந்து?"

"டெஞ்சா, அத விடு, இப்பதான்..."

"எப்போலேருந்துன்னு கேட்டேன்."

"ஜனவரிலேருந்து."

டெஞ்சா கத்தியைத் தட்டில் வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணாம் தேதி பதில் சொல்லிட்டோம். வரலைன்னு. அவளே கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து அழுத்தினா. என்னை ரூமுக்குள்ள வரவேண்டாம்னுட்டா."

டியோ வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "ஏண்டி எங்கிட்டச் சொல்லல? நான் குடுத்திருப்பேனேடி! எனக்கு வேற யாரு இருக்கா?"

"நீ குடுத்திருப்ப. நாலு வருஷம் உன் கையப் பாத்துட்டு நிப்போமா? சூய் ஒத்துக்கல. நானும் ஒத்துக்கல. சம்பளம் போச்சு, இடத்த விட்டோம். பாவம், கொமாத்ரே மனசு வேற கஷ்டப்படும்னு உங்கிட்டச் சொல்லவேண்டாம்னு நினைச்சேன்." ஒரு சிரிப்பு வந்தது அவளுக்கு, நல்ல சிரிப்பு இல்லை. "உன் மூக்கத் துடைச்சுவிட்டேன்டி நான்."

"ஊருக்குத் தெரிஞ்சா கெட்டுப்போகும்னு பயந்துட்டேன். நான்..."

"யார் மூலமா தெரியும்? என் மூலமாவா?" இப்போதுதான் அவள் குரல் உயர்ந்தது. "பதினெட்டு வருஷம் தினமும் காலைல நாப்பது வீட்டுக்குப் போன் போட்டவடி நான். எந்தப் புள்ளையோட அப்பன் ஜெயில்ல இருக்கான், எவ ராத்திரி அடிவாங்கினா, எந்த வீட்டுல போலீஸ் வந்துடும்னு புள்ளய வெளிய விடல, எந்த வீட்டுல செருப்பு ஒரு ஜோடிதான் இருக்கு, எல்லாம் எனக்குத் தெரியும். ஒண்ணு வெளிய வந்திருக்கா? உனக்கு ஒண்ணாவது சொல்லியிருக்கேனா? எவ்வளவு தடவ கேட்டிருப்ப! என் வாய நம்பி ஊரே இருந்துச்சு. நீதான் நம்பல. 'பொறுடி'ன்னு ஒரு வார்த்த. ஏன்னுகூடக் கேட்டிருக்க மாட்டேன்."

இருபத்திரண்டு வருடமாக எந்தக் கேள்விக்கும் காகிதத்தோடு பதில் வைத்திருந்தவள், கையிலிருந்த கடிதத்தை மட்டும் நீட்டினாள்.

கதவு திறந்தது. மரிசேலா வந்தாள். உள்ளேயிருந்து எல்லாம் கேட்டிருப்பாள், மெல்லிய சுவர். குனிந்து வழக்கம்போல ஆசி கேட்டாள். டியோ அவள் நெற்றியில் சிலுவை போட்டாள்.

"பரவால்ல ஞானம்மா. நம்ம ஊர் காலேஜ்ல சேந்துட்டேன். கிட்டக்கதான். பஸ்கூட இருக்கு" என்றாள் அந்தப் பெண். திட்டியிருந்தால் டியோ தாங்கியிருப்பாள்.

"கடிதத்த எடுத்துட்டுப் போ" என்றாள் டெஞ்சா. "அந்த மேசைக்கு வேற ஆளப் போடுங்க. ஆலைக்காரன் நல்லவனோ கெட்டவனோ எனக்குத் தெரியாது. நாளைக்கு அவன் எங்கிட்ட எதையாவது மறைச்சா எனக்கு வலிக்காது. அது போதும்." கத்தியை எடுத்து விட்ட இடத்திலிருந்து முள்ளைச் சீவ ஆரம்பித்தாள். விரிப்பு இரண்டும் வண்டிப் பின்சீட்டிலேயே கிடந்தன, டியோ அவற்றை வெளியே எடுக்கவே இல்லை.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு டியோ தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சான் டியேகோ பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டாள். மாநில அதிகாரிகளிடம் பேசுகிற தன் குரலை வரவழைத்துக்கொண்டாள். பள்ளியின் பெயரைச் சொன்னாள், பதவியைச் சொன்னாள், பெண்ணின் பெயரைச் சொன்னாள். நான்கு பேரிடம் மாற்றிவிட்டார்கள். கடைசியில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டாள். இடம் வேறு பிள்ளைக்குப் போய்விட்டது என்றாள். டியோ விடவில்லை. வீட்டு நிலைமை, வேலை போனது, மூன்று நாள் முன்னால் திரும்ப வந்தது, எல்லாவற்றையும் கொட்டினாள், கெஞ்சினாள். அதற்கு முன் டியோ யாரிடமும் கெஞ்சி நான் கேட்டதில்லை.

"ஐயோ, கேக்கவே கஷ்டமா இருக்குங்க" என்றாள் அந்தப் பெண். "ஒண்ணாம் தேதிக்கு முன்னாடி ஒரு போன் பண்ணி, கொஞ்சம் டைம் வேணும்னு கேட்டிருந்தா குடுத்திருப்போமே. காரணம்கூடக் கேக்க மாட்டோம். இந்த வருஷம் கேட்ட எல்லாருக்கும் பதினஞ்சாம் தேதி வரைக்கும் குடுத்தோம்."

டியோ நன்றி சொல்லிப் போனை வைத்தாள். இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. டெஞ்சாவுக்கு இந்தப் போன் விஷயம் தெரியாது. அவளிடம் சொல்லும் தைரியம் டியோவுக்கு இன்றுவரை வரவில்லை.